அரிசி போடாத மடை

முத்துக்குமாரு ஐயா காலையில் எந்த முகத்தோடு எழும்புகிறாரோ, அந்த முகத்தைப் பொறுத்துத்தான் எங்கள் வெங்காயத்துக்குத் தண்ணீர். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். ஒரு கிழமை வந்து எங்கள் கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அளவெட்டிக்கும் தெல்லிப்பழைக்கும் இடையில், செம்பாட்டு மண்ணில், ஏழு குடும்பங்களுக்குப் பங்குள்ள கிணறு அது. பங்கு ஏழு என்றாலும் மோட்டர் கொட்டிலின் பூட்டுக்குத் திறப்பு ஒன்றுதான். அந்தத் திறப்பு ஐயாவின் சாரத்து மடிப்பில் இருக்கும். கிணற்றை வெட்டியது தன்னுடைய பூட்டன் என்று அவர் சொல்வார், மறுத்துச் சொல்ல இப்போது யாரும் உயிரோடு இல்லை. விடியும்போதே தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு வந்து கிணற்றுக் கட்டில் ஏறி நிற்பார். நாங்கள் கீழே நிற்போம். ஒவ்வொருவராகப் பார்ப்பார். "இண்டைக்குத் தம்பிஐயா இறைக்கட்டும்" என்பார். சட்டம் இயற்றி முடிந்துவிட்டது. ஏன் தம்பிஐயா, நேற்றும் அவர்தானே என்று கேட்க முடியாது. கேட்டால் அடுத்த கிழமையும் உனக்கு இல்லை. தன் மகளின் கலியாணத்துக்கு வராத ஒருவருக்கு ஒரு மாதம் தண்ணீர் பிந்தியது. ஐயாவின் மாட்டை மெச்சிப் பேசியவருக்கு அன்றைக்கே முந்தியது. நானும் அந்த மாட்டை எத்தனையோ தரம் மெச்சியிருக்கிறேன். உண்மையில் அது கால் வளைந்த ஒரு சொத்தி மாடு.

நான் அரசறிவியல் பட்டதாரி. வேலையற்ற பட்டதாரி என்று யாழ்ப்பாணத்தில் தனியாகச் சொல்லத் தேவையில்லை, பட்டதாரி என்றாலே போதும். காலையில் கிணற்றடியில் கைகட்டி நிற்பேன். பிறகு சைக்கிளை உழக்கிக்கொண்டு ரியூசன் கொட்டிலுக்குப் போய், உயர்தரப் பிள்ளைகளுக்கு முழு முடியாட்சி எப்படிப் பாராளுமன்ற ஆட்சியாக மாறியது என்று படிப்பிப்பேன். இங்கிலாந்தின் ஜோன் மன்னனை நான் திட்டும்போது, பிள்ளைகள் "மிஸ்ஸுக்கு அவர் சொந்தக்காரர் போலை" என்று தங்களுக்குள் சிரிப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்கு முன்னால் நின்ற ஜோன் மன்னனுக்குக் கையில் செங்கோல் இல்லை, தோளில் துவாய்தான் இருந்தது.

ஒரு விடயத்தை முதலே சொல்லிவிட வேண்டும். அந்த வெங்காயம் எனக்கு வெறும் வெங்காயம் இல்லை. என்னுடைய கலியாணம் பொய்த்து நான் திரும்பி வந்த பிறகு, நெல்லியடியிலிருக்கும் என் கூடப்பிறந்த மயூரதன் அண்ணை தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளைப் பார்க்க, சமைக்க, ஓர் ஆள் வேண்டும். அண்ணை கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. நான் நாலு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்தபோது, இந்தப் போகம் சரிவராவிட்டால் பேசாமல் வந்துவிட வேண்டும் என்றார். நான் வீறாப்பில் சரி என்று சொல்லிவிட்டேன். ஆகவே வெங்காயம் பிழைத்தால் நான் என் வீட்டில். வாடினால் அண்ணையின் அடுப்படியில். இரவில் கண்ணை மூடினாலும் தாள் நுனி மஞ்சளாவதுதான் தெரியும்.

நான் எடுத்த காணி பல வருடங்கள் இராணுவத்தின் கையில் இருந்து, பிறகு விடுபட்டது. அதற்கென்று இருந்த கிணறு இடிந்த வீடுகளின் கல்லாலும் கொங்கிறீற்றாலும் நிரம்பிக் கிடந்தது. பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் தாருங்கள் என்று முத்துக்குமாரு ஐயாவிடம் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாவம், படிச்ச பிள்ளை. எடு" என்றார். அந்த ஒரு சொல்லில் என் காணிக்குத் தண்ணீர் ஓடியது. ராசாக்களிடம் இப்படி ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது.

கிளர்ச்சியைத் தொடங்கியவன் டிலக்‌ஷன். தகப்பன் போன பிறகு ஏழில் ஒரு பங்கு அவன் பெயரில் வந்தது. புதிதாக ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கியிருந்தான். ஒழுங்கையில் குறுக்கே நின்ற அந்தச் சொத்தி மாட்டுக்கு ஹோன் அடித்துவிட்டான். மாடு மிரண்டு வேலிக்குள் போய் விழுந்தது. அதற்குப் பிறகு டிலக்‌ஷனின் பீற்றூட்டுக்குத் தண்ணீர் இல்லை. ஒரு முறை போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதும் போனபோது ரியூசன் கொட்டிலுக்கே என்னைத் தேடி வந்துவிட்டான்.

"அக்கா, உந்த மனிசனை எப்பிடி இறக்கிறது?"

"இறக்கத் தேவையில்லை. கட்டினால் காணும்" என்றேன்.

கரும்பலகையை அழிக்காமலேயே அவனுக்குப் பாடம் நடத்தினேன். இங்கிலாந்தில் ஒரு மன்னனின் தலையையும் வெட்டிப் பார்த்தார்கள், கொஞ்ச வருடத்தில் அவனுடைய மகனையே கூப்பிட்டு இருத்த வேண்டி வந்தது. தலையை வெட்டுவதால் ஆவதில்லை. மன்னனுக்கு எங்களிடமிருந்து என்ன தேவையோ அதைக் கொடுக்காமல் நிற்க வேண்டும். ஜோன் மன்னனுக்குப் பிரபுக்கள் அதைத்தான் செய்து, மகா பட்டயத்தை எழுதி வாங்கினார்கள். பிறகு மன்னன் வாயாலேயே வாக்கு வாங்க வேண்டும். டிலக்‌ஷன் யோசித்தான். முத்துக்குமாரு ஐயாவுக்கு எங்களிடமிருந்து என்ன தேவை? அவரிடம் இல்லாத ஒன்று எங்களிடம் என்ன இருக்கிறது? இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது: வைரவர் மடை.

கிணற்றடி வேம்பின் கீழே ஒரு சூலம் நட்டிருக்கிறது. அவர்தான் எங்கள் வைரவர். வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு மடை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கிற ஒவ்வொருவரும் ஒரு கொத்து அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் போட வேண்டும். ஐயா பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ப் போடுவோம். அவர் முதல் கற்பூரம் கொளுத்துவார். அவருடைய முடிசூட்டு விழா அதுதான், வருடாவருடம் நடக்கும்.

இரகசியம் வீடுவீடாகப் போனது. மற்ற ஐந்து பங்குகாரரோடும் கதைத்தது டிலக்‌ஷனும் நானும். விதானையாராக ஊர் நிர்வாகம் பார்த்து ஓய்வுபெற்ற தம்பிஐயா அண்ணைதான் கடைசியாகச் சம்மதித்தார். சாமி காரியத்தில் விளையாடலாமா என்று இழுத்தார். சாமிக்கு அரிசி கிடைக்கும், கொஞ்சம் பிந்திக் கிடைக்கும் என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அடுப்பு மூட்டிப் பானை வைத்தாயிற்று. பால் பொங்கி வழிந்தது. எங்கோ அளவெட்டிப் பக்கம் யாரோ நாதஸ்வரம் பழகிக்கொண்டிருந்தார்கள், அது விட்டுவிட்டுக் கேட்டது. ஐயா தோய்ந்து, திருநீறு பூசி, பட்டு உத்தரியத்தைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "தம்பிஐயா" என்று கூப்பிட்டார். தம்பிஐயா அண்ணை முன்னே போய், வெறும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அடுத்த பெயர், அடுத்த வெறுங்கை. டிலக்‌ஷன் கையை விரித்தபோது ஐயாவுக்கு விளங்கிவிட்டது. பானையில் அரிசி இல்லாமல் பால்தண்ணீர் வெறுமனே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

அந்த நேரம் பார்த்து வேலிப் பக்கமிருந்து பத்மாவதி அக்கா வந்தார். வேலிக்கு அங்காலை ஓலை வீட்டில் இருக்கிறவர். பத்துப் பன்னிரண்டு மிளகாய்க் கன்றும் இரண்டு ஆடும் வைத்திருக்கிறார். எங்கள் கிணற்றில் வாளியால் அள்ளித் தலையில் சுமந்துகொண்டு போவார். ஹோஸ் போட அவருக்கு உத்தரவில்லை, ஏன் இல்லை என்று யாரும் கேட்டதும் இல்லை. பனையோலைப் பெட்டியில் அரிசியை ஏந்திக்கொண்டு, வழமைபோல நேரே பானையடிக்கு வந்துவிட்டார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. டிலக்‌ஷன் பாய்ந்து மறித்து, இப்போது போடக் கூடாது, அங்கால போய் நில் என்று ஏசினான். அவர் வெருண்டுபோய்ப் பெட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வேம்போடு ஒதுங்கி நின்றார்.

ஐயா கடைசியாக என்னிடம் வந்தார்.

"உனக்கு நான் என்ன குறை விட்டனான், பிள்ளை?"

"ஒரு குறையும் விடேல்லை, ஐயா. நாளைக்கும் விடமாட்டியள் எண்டதுக்கு என்ன உறுதி?"

அந்த வசனத்துக்காக நான் என்னை எவ்வளவு மெச்சிக்கொண்டேன் தெரியுமா? அதேநேரம் அவருடைய முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. தண்ணீர் தந்த மனிதருக்கு முன்னால், அவருடைய சாமிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. கொண்டாட்டமாகவும் இருந்தது.

தம்பிஐயா அண்ணை பணிவாகத்தான் எடுத்துச் சொன்னார். அரிசி இருக்கிறது, முறை என்று ஒன்று வரட்டும், அரிசியும் வரும் என்றார். ஐயா கொதிக்கிற பானையைப் பார்த்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு சூலத்துக்கு முன்னால் குந்தி, கற்பூரத்தைக் கொளுத்தி, அதன்மேல் கையை அடித்துச் சத்தியம் செய்தார்.

"இனி என்ரை வாய்ச்சொல்லுக்குத் தண்ணி ஓடாது. முறைக்குத்தான் ஓடும். இதிலை நிக்கிற ஒருத்தற்றை தண்ணியையும் நான் மறிக்கமாட்டன்."

டிலக்‌ஷன் ஒழுங்கைக்கு ஓடினான். எல்லோருடைய அரிசியையும் லான்ட்மாஸ்டரிலேயே சாக்கு மூடிக் கொண்டுவந்து நிறுத்தி வைத்திருந்தான். என்ன துணிவு பாருங்கள். பொங்கல் அன்றைக்குக் கொஞ்சம் அடிப்பிடித்தாலும் ருசியாகத்தான் இருந்தது. திறப்பை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, அது ஐயாவிடமே இருக்கட்டும், ஒரு மரியாதைக்கு என்றார் தம்பிஐயா அண்ணை. எனக்குப் புல்லரித்தது. மன்னர் வீற்றிருப்பார், ஆளமாட்டார். நூற்றாண்டுக் கணக்கில் இங்கிலாந்து பட்ட பாட்டை நாங்கள் ஒரு பொங்கலில் முடித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வேம்பின் கீழே முதல் கூட்டம். தலைவர் தம்பிஐயா அண்ணை. கையைத் தூக்கி வாக்கு. ஏழு பங்கு, கிழமைக்கு ஏழு நாள், ஆளுக்கொரு நாள். கடவுளே கணக்குப் பார்த்துக் கொடுத்ததுபோல அவ்வளவு சுத்தமாகப் பொருந்தியது. ஐயாவுக்குச் சனிக்கிழமை விழுந்தது. எல்லோரும் எழும்பிச் சாரத்தைத் தட்டினார்கள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

"அப்ப எனக்கு?" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டிலக்‌ஷன்தான் வாயைத் திறந்தான்.

"அக்கா, உங்கடை காணிக்கு இந்தக் கிணத்திலை பங்கு இல்லையெல்லோ."

முன்பு ஐயா தந்தார்தானே என்றேன்.

"அது அவற்றை விருப்பம். இப்ப ஒருத்தற்றை விருப்பமும் இல்லை, சட்டம்தான். நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்."

நான் தம்பிஐயா அண்ணையைப் பார்த்தேன். அவருக்கும் மனவருத்தம்தான், ஆனால் தலைவர். யாராவது தங்கள் முறையில் குறைத்துத் தந்தால் பார்க்கலாம் என்றார். ஒருவரும் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெயில் அப்படி, யாருடைய பயிருக்கும் மிச்சத் தண்ணீர் இல்லை. ஐயா தள்ளி இருந்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. ராசா இருந்த காலத்தில் எனக்கு ஒரு வாசல் இருந்தது. போய் நிற்கலாம், அழலாம், மாட்டை மெச்சலாம். இப்போது யாரிடம் போய் எந்த மாட்டை மெச்சுவது? ஏழு பேரிடம் தனித்தனியாகப் போனால் ஏழு பேரும் சபையைக் காட்டுகிறார்கள். சபையிடம் போனால் நீ அங்கத்தவர் இல்லை என்கிறது. நான் கட்டி எழுப்பிய வீட்டுக்குள் போக எனக்குப் படலை இல்லை.

வெங்காயம் கிழங்கு வைக்கிற பருவம். அந்த நேரம் தண்ணீர் தவறினால் முடிந்தது. வீட்டுக் குழாயிலிருந்து வாளியில் சுமந்து ஊற்றினேன், செம்பாட்டு மண் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. தாள் நுனி மஞ்சளாகிச் சுருண்டது. அண்ணை தொலைபேசியில் வெங்காயம் எப்படி என்று கேட்டார், நல்லாயிருக்கு என்று பொய் சொன்னேன். ரியூசனில் ஒரு பிள்ளை எழும்பி, மகா பட்டயத்தால் சாதாரண சனத்துக்கு என்ன கிடைத்தது மிஸ் என்று கேட்டது. பாடத்திட்டத்தில் உள்ளதை மட்டும் கேள் என்று எரிந்து விழுந்தேன். அது பாடத்திட்டத்தில் உள்ளதுதான். பிரபுக்கள் தங்களுக்கு வாங்கினார்கள். கூலித் தொழிலாளிக்கு வாக்கு வரவே அதற்குப் பிறகு அறுநூறு வருடத்துக்கு மேல் போனது, பெண்களுக்கு இன்னும் பிந்தியது. எங்கள் நாட்டுக்கு 1931இல் எல்லோருக்கும் வந்துவிட்டது, எங்கள் கிணற்றடிக்கு மட்டும் வரவில்லை. இத்தனையும் வாயால் சொல்லிச் சொல்லிப் படிப்பித்தவள் நான். என்னுடைய தண்ணீர் ஒரு மனிதரின் இரக்கத்தில் ஓடுகிறது, இரக்கத்துக்குப் பூட்டுப் போட்டால் அதுவும் நின்றுவிடும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முத்துக்குமாரு ஐயா வீட்டுக்குப் போனேன். போகக் கால் கூசியது, ஆனால் போனேன். அவர் முற்றத்தில் கதிரை போட்டிருந்து பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். திறப்பு உங்களிடம்தான் இருக்கிறது, மத்தியானத்தில் கிணற்றடியில் ஒருவரும் இல்லை, கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் போதும் என்றேன். கிணற்றடி முழுவதையும் சட்டத்தின்கீழ் கொண்டுவந்த அரசறிவியல் பட்டதாரி, களவாகத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறேன்.

அவர் கோப்பையை வைத்தார்.

"திறப்புக் கிடக்கு, பிள்ளை. கற்பூரமும் அடிச்சுப்போட்டன்."

ஜோன் மன்னன் தன்னுடைய வாக்கை மூன்று மாதம்கூடக் காப்பாற்றவில்லை. இந்த மனிதர் எனக்காகக்கூட மீறமாட்டாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிப் படலையடிக்குப் போனபோது பின்னால் அவருடைய குரல் கேட்டது.

"நாளைக்குச் சனி. என்ரை முறை. அது என்ரைதானே, நீ இறை."

விடிய நானே மோட்டரைப் போட்டேன். மண்வெட்டியோடு வரம்பில் ஓடி ஓடிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினேன். ஒவ்வொரு பாத்தியும் நிரம்பும்போது எனக்கே தாகம் தீர்ந்ததுபோல இருந்தது. காணியில் பாதி முடிந்திருக்காது, வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் மோட்டரை நிற்பாட்டிவிட்டு டிலக்‌ஷன் நிற்கிறான். பக்கத்தில் ஐயா. ஒருவருடைய முறையை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, அப்படிக் கொடுக்கத் தொடங்கினால் பிறகு பழைய குருடிதான், அதைச் சபைதான் தீர்மானிக்க வேண்டும் என்றான் டிலக்‌ஷன். அவன் சொன்னதில் பிழையும் இல்லை, அதுதான் என்னை இன்னும் எரித்தது. சேற்றுக் கையோடு அவனை அடிக்கப் போய்விடுவேனோ என்று எனக்கே பயம் வந்தது. ஐயாதான் அமைதியாகச் சொன்னார், அப்படியென்றால் ஞாயிறு வரையும் ஏன், இப்போதே கூப்பிடு என்று.

கூப்பிட்டான். தம்பிஐயா அண்ணை வாயில் பல் தூரிகையோடு வந்தார். மற்றவர்களும் வந்து வேம்பின் கீழே நின்றார்கள். பத்மாவதி அக்கா வழமைபோல வாளியைக் கிணற்றுக்குள் விட்டு அள்ளிக்கொண்டிருந்தார். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டேன்.

"மடை நடந்த அண்டைக்கு வெறுங்கையோடை எத்தினை பேர் நிண்டனாங்கள்? ஐயாவைச் சேர்க்காமல் சொல்லுங்கோ."

நானே எண்ணினேன். ஆறு பங்குகாரரும் நானும், ஏழு பேர். கையை விரிக்கும்போது என்னை எண்ணினீர்கள், கையைத் தூக்கும்போது எண்ணமாட்டீர்களா என்று கேட்டேன்.

"அக்கா, அது போராட்டம். இது நிருவாகம்" என்றான் டிலக்‌ஷன்.

இந்தப் பதிலை அவனுக்கு நான் படிப்பிக்கவில்லை. யாரும் படிப்பிக்காமலே இது எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

ஐயா துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். இந்தமுறை கிணற்றுக் கட்டில் ஏறவில்லை, கீழேயே நின்றார்.

"நான் பங்கு பாத்துச் சத்தியம் பண்ணேல்லை. இதிலை நிண்ட முகத்தைப் பாத்துத்தான் பண்ணினனான். நீங்கள் இந்தப் பிள்ளையின்ரை தண்ணியை மறிச்சால் வைரவருக்கு முன்னாலை நான் பொய்யன்."

தம்பிஐயா அண்ணை தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். பிறகு சபையைத் தொடக்கினார். ஒவ்வொருவரும் தங்கள் நாளில் கொஞ்சம் விட்டால், எனக்கும் ஒரு முறை வரும். முதலில் எழும்பியது ஐயாவின் கை. அடுத்தது தம்பிஐயா அண்ணையுடையது. பிறகு ஒன்று, இன்னொன்று. நாலு கை. ஏழில் நாலு. டிலக்‌ஷன் தூக்கவில்லை, ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டுத் தோற்றதை ஒத்துக்கொண்டான். அந்தமட்டுக்கு அவன் நல்ல பிள்ளை. தண்ணீர் எடுக்கிறவர் வாக்கும் போடத்தான் வேண்டும், இனிச் சபை எட்டுப் பேர் என்றார் தம்பிஐயா அண்ணை. நெல்லியடி அடுப்படி பத்துக் கட்டை தூரம் தள்ளிப் போய்விட்டது.

அப்போதுதான் பத்மாவதி அக்கா வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். இவ்வளவும் கேட்டுக்கொண்டுதான் அள்ளியிருக்கிறார். அவர் அந்தக் கிணற்றடியில் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நானும் அண்டைக்கு நிண்டனான். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, அதாலை கையிலை அரிசி இருந்தது. வேறை ஒரு வித்தியாசமும் இல்லை."

மிளகாய்க் கன்றுக்கு ஒரு ஹோஸ், கிழமைக்கு ஒருக்கால் கொஞ்ச நேரம். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அவருக்குச் சொல்லாமல் விட்டது யார்? வீடுவீடாகப் போனது டிலக்‌ஷனும் நானும். வேலியைத் தாண்டி ஒரு படலை இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. மறந்துபோனோம் என்று சொல்லலாம். அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும்.

தம்பிஐயா அண்ணை தொண்டையைச் செருமினார். ஆக்களின் கருத்தைக் கேட்பம் என்றார். கொஞ்சம் முந்தி எனக்கு விட்டுக்கொடுத்தவர்கள் மறுபடியும் விட வேண்டும், இந்தமுறை எட்டுப் பேரும் விட வேண்டும். எட்டில் ஐந்து கை வேண்டும். ஐயா தூக்கினார். தம்பிஐயா அண்ணை தூக்கினார். இன்னொருவர் தூக்கினார். நாலாவதாக, நம்பமாட்டீர்கள், டிலக்‌ஷன் தூக்கினான், பத்மாவதி அக்காவின் பக்கம் பாராமல். மற்ற மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என் காணியைப் பார்த்தேன். பாதிப் பாத்தி கறுத்து ஈரமாயிருந்தது, மிச்சம் சிவப்பாக வெடித்துக் கிடந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன முறை. அதில் இன்னும் குறைந்தால் கடைசி வரிசை எட்டுமா? அந்த ஓரத்து வெங்காயம்தான் நல்ல வெங்காயம். இரண்டு ஆடும் பத்து மிளகாய்க் கன்றும் வைத்திருக்கிறவருக்கு வாளி போதாதா? இவ்வளவு காலமும் வாளியால்தானே அள்ளினார்? இத்தனை கேள்வியும் என் மனதில்தான் ஓடியது, வேறு யாருடைய மனதிலும் இல்லை. ஐயா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மண்வெட்டியை விட்டேன். அது சாய்ந்து விழுந்தது. கையைத் தூக்கினேன்.

தம்பிஐயா அண்ணை ஐந்து என்று எண்ணி முடித்தார், டிலக்‌ஷன் மோட்டரைப் போட ஓடினான். பத்மாவதி அக்கா மட்டும் வாளியை எடுக்காமல் அப்படியே நின்றார். என் கை எழும்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை அவர் பார்த்துவிட்டார்.